முட்டி வலிக்குக் கால்சியம் மாத்திரை: யார் போடலாம், யார் நிறுத்தலாம்?

கேள்வி: அம்மாவுக்கு 57 வயது. முட்டி வலி என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, ரொம்ப நாளாகக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று எனக் கால்சியம் மாத்திரை போடுகிறார். தைராய்டு மாத்திரையும் உண்டு. கால்சியம் மாத்திரை போட்டால் இதயத்தில் அடைப்பு வரும் என்று சொந்தக்காரர் ஒருவர் பயமுறுத்துகிறார். அப்பாவுக்குக் கிட்னியில் கல் வந்ததிலிருந்து பால், தயிர் இரண்டையும் தொடுவதில்லை. தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணி; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த கால்சியம் மாத்திரையைப் போட அவளுக்கும் பயம். என்ன செய்வது?

பதில்:

முதலில் தங்கையின் விஷயத்தை முடித்துவிடுகிறேன், அதில் குழப்பமே இல்லை. மாத்திரையைப் போடச் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போய், சிலருக்கு வலிப்பு வரை கொண்டுபோய் விடும் நோய் ஒன்று உண்டு, ப்ரீ-எக்லாம்சியா என்பார்கள். சாப்பாட்டில் கால்சியம் குறைவாகக் கிடைக்கும் பெண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்தால் இந்த ஆபத்து குறைகிறது. அப்படிப்பட்ட இடங்களில் தினம் 1.5 முதல் 2 கிராம் வரை கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய அரசின் 2014 வழிகாட்டுதல்படி 500 மி.கி. மாத்திரை தினம் இரண்டு, 14ஆவது வாரத்தில் தொடங்கிப் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை. பெங்களூரில் 11,000 பேர், தான்சானியாவில் 11,000 பேர் என்று முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்களிடம் நடந்த ஆய்வுகள் 2024இல் வெளியாயின. ப்ரீ-எக்லாம்சியாவைத் தடுப்பதில் தினம் 500 மி.கி. கொடுத்ததும் 1500 மி.கி.க்குச் சளைத்ததாக இல்லை. ஆகவே தங்கைக்குக் கொடுத்திருக்கும் அளவு பயப்படும் அளவே இல்லை. இரும்புச்சத்து மாத்திரையோடு மட்டும் சேர்த்து விழுங்க வேண்டாம். கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் காலை ஒன்று, இரவு ஒன்று, இரும்பு மதியம் என்று பிரித்துவிட்டால் கணக்குப் பார்க்கும் வேலையும் மிச்சம்.

இனி அம்மா. மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், நாற்பது தாண்டிய பெண்கள் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் கால்சியத்துக்குத் தனி இடம் உண்டு. "கால் வலிக்குது, கால்சியம் குடுங்க" என்பார்கள். கொடுத்துவிடுவோம். அது வலி மாத்திரையும் இல்லை, கெடுதல் மாத்திரையும் இல்லை என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

முட்டி வலிக்குக் கால்சியம் மருந்தில்லை. அந்த வயதில் வருகிற முட்டி வலி பெரும்பாலும் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. அது எலும்பில் சுண்ணாம்பு குறைந்ததால் வந்த வியாதி இல்லை. கால்சியம் எவ்வளவு போட்டாலும் குருத்தெலும்பு திரும்ப வளராது. தொடைத் தசைக்குப் பயிற்சி, கொஞ்சம் எடைக் குறைப்பு, தேவைப்பட்டால் வலிக்கு டாக்டர் தரும் மருந்து, இவைதான் அதற்கு வழி. எலும்பின் அடர்த்தி குறைவது வேறு நோய். அது வலிக்காது. வழுக்கி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ ஒடிந்த அன்றைக்குத்தான் தெரியவரும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு வேகமாக வருவது இதுதான். உங்கள் அம்மா போடும் மாத்திரைக்கு ஏதாவது வேலை இருக்கிறது என்றால் அது இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

அதிலும் எவ்வளவு வேலை? இரண்டு பழைய ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புரியும். 1992இல் பிரான்சில், முதியோர் இல்லங்களில் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் மூதாட்டிகளிடம் நடந்த ஒரு ஆய்வு வெளியானது. சராசரி வயது 84. அவர்களின் சாப்பாட்டில் கிடைத்த கால்சியம் ஒரு நாளைக்கு 500 மி.கி.யை ஒட்டி இருந்தது. வெயிலும் படாதவர்கள், வைட்டமின் டி-யும் குறைவு. ஒரு பாதிப் பேருக்குத் தினம் 1200 மி.கி. கால்சியமும் 800 ஐயூ (வைட்டமினை அளக்கும் அலகு) வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில், முழுதாகப் போட்டு முடித்தவர்களிடம் இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. மருந்து உலகத்தில் இது பெரிய எண்.

அடுத்தது அமெரிக்காவில், 2006இல் வந்தது. மாதவிடாய் நின்ற 36,282 பெண்கள், ஏழு வருடம், தினம் 1000 மி.கி. கால்சியமும் 400 ஐயூ வைட்டமின் டி-யும். இடுப்பெலும்பின் அடர்த்தி ஒரு சதவீதம் போலக் கூடியது. முறிவு 12 சதவீதம் குறைந்தாற்போல் தெரிந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவுதான். ஏன் இந்த வித்தியாசம்? அந்த அமெரிக்கப் பெண்கள் மாத்திரைக்கு முன்பே ஒரு நாளைக்குச் சராசரியாக 1150 மி.கி. அளவுக்குக் கால்சியம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தானே செய்யும்.

எனக்கு இதில் தெரிவது இதுதான்: கால்சியம் மாத்திரை எலும்பை வளர்க்கும் மருந்தில்லை, பற்றாக்குறையை அடைக்கிற சரக்கு. பற்றாக்குறை இருக்கிறதா என்று பார்க்காமல் போட்டால் பலன் கிடைக்காது, பக்கவிளைவு மட்டும் கிடைக்கும். வீட்டில் ஆரோக்கியமாக நடமாடும், மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பு முறிவைத் தடுக்கவென்று 1000 மி.கி. வரை கால்சியமும் 400 ஐயூ வரை வைட்டமின் டி-யும் போட வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2018இல் சொன்னது. அந்த வரியை மட்டும் படித்துவிட்டு இங்கே யாரும் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். அங்கே பாலும் சீஸும் புழங்கும் அளவு வேறு, நம் தட்டு வேறு.

அப்போது நம் தட்டை எண்ணிப் பார்த்துவிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட கணக்கில் வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 1000 மி.கி. அதற்கு முந்தைய பட்டியலில் அது 600தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 வரை சொல்வார்கள். அம்மாவின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காபி, டீ இரண்டுக்கும் சேர்த்து 200 மி.லி. பால் என்றால் ஏறக்குறைய 240 மி.கி. மதியம் ஒரு கிண்ணம் தயிர் 150. சோறு, பருப்பு, காய் எல்லாம் சேர்ந்து இன்னொரு 150 தேறும். மொத்தம் 540. இதில் 50 கிராம் கேழ்வரகு மாவில் களியோ கூழோ அடையோ சேர்த்தால் 180 கூடும். எள்ளுப்பொடி ஒரு பெரிய ஸ்பூன் நூறைத் தாண்டும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுகிற வீடு என்றால் இன்னும் நல்லது. முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 300 மி.கி.க்கு மேல் இருக்கிறது. அகத்திக்கீரையில் 900ஐயும் தாண்டும், ஆனால் அந்தக் கசப்பை யார் தினம் சாப்பிடுவது? பாலக்கை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் கால்சியம் இருந்தாலும், கூடவே இருக்கும் ஆக்ஸலேட் என்ற பொருள் அதைக் கட்டிப்போட்டுவிடும். பாலில் இருப்பதில் முப்பது சதவீதம் போல உடம்பில் சேர்ந்தால், பாலக்கில் இருப்பதில் ஐந்து சதவீதம்தான் சேரும்.

ஆக அம்மாவுக்குக் குறைவது 300 முதல் 500 மி.கி. வரை. காலை ஒன்று, இரவு ஒன்று என்று 1000 மி.கி. வெளியிலிருந்து ஏற்றத் தேவையே இல்லை. ஒன்று போதும். கேழ்வரகும் தயிரும் ஒழுங்காக ஏறினால் அந்த ஒன்றும் சில நாள் வேண்டியிருக்காது.

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் போட்டதால்தான் பாட்டிமாருக்கு எலும்பு உறுதியாக இருந்தது என்று ஒரு பேச்சு அடிக்கடி வரும். சுண்ணாம்பு கால்சியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூடவே வரும் பாக்கு வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும், புகையிலை சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அதோடு, அளவுக்கு மீறிச் சுண்ணாம்போடு வெற்றிலை போட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறிக் கிட்னி பாதிக்கப்பட்டவர்களைப் பற்றித் தைவான் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஒன்று என்றேனே, அது எந்த ஒன்று? மாத்திரை அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். "கால்சியம் கார்பனேட் 1250 மி.கி." என்று முதல் வரி இருக்கும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் அதிலிருந்து கிடைக்கும் கால்சியம் 500 மி.கி. என்று இருக்கும். நமக்கு வேண்டிய எண் இரண்டாவதுதான். கார்பனேட்டில் நூற்றுக்கு நாற்பது பங்கு கால்சியம். சிட்ரேட் என்று இருந்தால் இருபத்தொரு பங்குதான். அதாவது சிட்ரேட் 1000 மி.கி. என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் கிடைப்பது 210. பவளக் கால்சியம், சிப்பிக் கால்சியம் என்று விலை ஏற்றி விற்பதெல்லாம் அடிப்படையில் அதே கார்பனேட்தான். சுத்திகரிக்காத சிப்பி ஓட்டுத் தூளிலும் எலும்புத் தூளிலும் ஈயம் கலந்திருந்தது முன்பு பரிசோதனைகளில் தெரியவந்தது. அதனால் பேர் தெரியாத பொடிகளைவிட மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண மாத்திரை மேல்.

கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அதனால் சாப்பிட்ட உடனே போட வேண்டும், வெறும் வயிற்றில் இல்லை. தினம் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதிரி கேஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கு அமிலமே குறைவு. அவர்களுக்குச் சிட்ரேட் பொருத்தம், அதை எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் போடுவதில் பயனில்லை, கூடக் கூடக் குடல் உறிஞ்சும் பங்கு குறையும். கார்பனேட் சிலருக்கு மலச்சிக்கலையும் வயிற்று உப்புசத்தையும் தரும். இரண்டு மாத்திரையை ஒன்றாகக் குறைத்தாலே பாதிப் பேருக்கு அந்தத் தொல்லை அடங்கிவிடும் என்பது நான் பார்த்தது.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம்: தைராய்டு மாத்திரை. அம்மா காலையில் எழுந்ததும் அதைப் போடுவார். காலைக் கால்சியம் எப்போது? பெரும்பாலான வீடுகளில் டிபனோடு, அதாவது ஒரு மணி நேரத்துக்குள். சிலர் மறந்துவிடுவோம் என்று இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஒரே மடக்கில் விழுங்குகிறார்கள். தைராய்டு மாத்திரையில் இருக்கும் லீவோதைராக்ஸின் மருந்தைக் கால்சியம் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து உள்ளே போகாது. ரத்த டெஸ்ட் எடுத்தால், தைராய்டு போதாதபோது ஏறும் டிஎஸ்எச் என்ற ஹார்மோன் ஏறியிருக்கும். டாக்டர் 50 மைக்ரோகிராமை 75 ஆக்குவார், அப்புறம் 100. உடம்பு அசதி, முடி கொட்டுவது, கால் உளைச்சல் எல்லாம் அப்படியே இருக்கும். அந்தக் கால் உளைச்சலுக்கு இன்னும் கால்சியம் வாங்க வருவார்கள். இந்தச் சுற்றைக் கவுண்டரில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

தீர்வு சுலபம். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம். தைராய்டு விடியற்காலையில், கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின். காலைக் கால்சியத்தை நிறுத்திவிடுங்கள். ஒன்றரை இரண்டு மாதம் கழித்து டிஎஸ்எச் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இதுவரை கால்சியத்தோடு சேர்த்தே அளவு ஏற்றியிருந்தால் இப்போது அந்த அளவு அதிகமாகப் போய்விடலாம். இந்த மாற்றத்தைச் செய்த தேதியோடு டாக்டரிடம் சொல்ல வேண்டும். அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் கால்சியம் மாத்திரையைப் பார்த்ததில்லை.

டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் இதே கதை. காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ அவற்றைப் போடும் ஐந்தாறு நாளைக்குக் கால்சியத்தை நிறுத்தி வைத்தால் ஒன்றும் குடிமுழுகாது. எலும்பு அடர்த்திக்காக வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரையையும் வெறும் வயிற்றில் தனியாகத்தான் போட வேண்டும். அந்தக் காலை வேளையில் கால்சியம் வேண்டாம். குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயாசைட் கலந்த பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. அவை சிறுநீரில் கால்சியம் போவதைக் குறைக்கும், அதனால் ரத்தத்தில் தங்கும். அந்தப் பெயர்கள் அட்டையில் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் கால்சியம் தொடர வேண்டாம்.

இதய அடைப்பு பற்றிச் சொந்தக்காரர் சொன்னது வெறும் வாட்ஸ்அப் கதை இல்லை, அதற்கு ஒரு மூலம் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மாதவிடாய் நின்ற 1471 பெண்களிடம் எலும்புக்காகக் கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை போட்ட பக்கத்தில் மாரடைப்பு கூடியிருப்பதாக 2008இல் எழுதினார்கள். அதே குழு 2010இல் வேறு பல ஆய்வுகளையும் சேர்த்து, வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் மட்டும் போட்டவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து முப்பது சதவீதம் போலக் கூடுகிறது என்று சொன்னது. பெரிய சர்ச்சையானது. மேலே சொன்ன 36,000 பேர் ஆய்வின் முதல் கணக்கில் அப்படி எதுவும் தெரியவில்லை. 2016இல் அமெரிக்காவின் எலும்பு, இதய மருத்துவ அமைப்புகள் இரண்டு சேர்ந்து உட்கார்ந்து, உணவும் மாத்திரையும் சேர்ந்து ஒரு நாளைக்கு 2000 முதல் 2500 மி.கி.யைத் தாண்டாதவரை ஆரோக்கியமானவர்களுக்கு இதயத்தின் பக்கம் பயமில்லை என்றன.

என் கணிப்பைக் கேட்டால், நடுவில் நிற்கிறேன். பாலில், கேழ்வரகில் வரும் கால்சியம் மெதுவாக ரத்தத்தில் சேரும். மாத்திரை ஒரே மூச்சில் சேர்ந்து சில மணி நேரத்துக்கு ரத்த அளவைத் தூக்கிவிடும். சந்தேகம் இருக்கிறது என்றால் இந்தத் தூக்கலின் மேல்தான். அதனால் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் ஆனவர் விருப்பத்துக்கு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், உணவில் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் அம்மாவுக்கு இதய நோய் இல்லை என்றால், இரவுச் சாப்பாட்டோடு ஒரு 500 மி.கி. என்பது என்னைப் பயமுறுத்தும் அளவு இல்லை.

அப்பாவுக்கு வருவோம். அவர் செய்வது தலைகீழ். கிட்னிக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட். "கல்லில் கால்சியம், ஆகவே பால் ஆகாது" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் குடலில் கால்சியம் இருந்தால் அது உணவிலிருக்கும் ஆக்ஸலேட்டை அங்கேயே கட்டி மலத்தோடு வெளியேற்றிவிடும். கால்சியத்தை நிறுத்தினால் கட்ட ஆளில்லாமல் ஆக்ஸலேட் நேராகச் சிறுநீரகத்துக்குப் போகும். இத்தாலியில் கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து ஐந்து வருடம் பார்த்தார்கள். ஒரு பக்கத்துக்குக் கால்சியத்தைக் குறைத்த சாப்பாடு. இன்னொரு பக்கத்துக்குக் கால்சியம் வழக்கம்போல, உப்பும் மாமிசமும் குறைவு. கல் திரும்ப வந்தது இரண்டாவது பக்கத்தில் ஏறக்குறைய பாதி. 2002இல் வெளியான ஆய்வு இது. அதனால் அப்பா மோரும் தயிரும் சாப்பாட்டோடு தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பைக் குறைத்து, சிறுநீர் வெளுப்பாகப் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கட்டும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் அவர் தள்ளி நிற்பது சரி. மேலே சொன்ன 36,000 பேர் அமெரிக்க ஆய்வில் மாத்திரை போட்டவர்களில் 449 பேருக்குக் கல் வந்தது, போடாதவர்களில் 381 பேருக்கு. இரண்டு பக்கமும் பதினெட்டாயிரம் பேர் போல. அதாவது ஏழு வருடத்தில் ஆயிரம் பேருக்கு நான்கு பேர் அதிகம். பொதுவாகப் பார்த்தால் சின்ன எண், ஒரு முறை கல் வந்து துடித்தவருக்குச் சின்ன எண் இல்லை.

வைட்டமின் டி பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 60,000 ஐயூ சாஷேயோ கேப்ஸ்யூலோ, குறைபாடு உள்ளவர்களுக்கு வாரம் ஒன்று என்று சில வாரம் கொடுத்துவிட்டு நிறுத்த வேண்டியது. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. வாரத்துக்கு ஒன்றைத் தினம் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. கால்சியம் மாத்திரையால் மட்டும் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறுவது அபூர்வம். இதுவும் சேர்ந்தால் ஏறும். அம்மாவின் மருந்துப் பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கால்சியம் மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாத ஆட்களும் இருக்கிறார்கள். தைராய்டை அறுவை செய்து எடுத்தவர்கள் (பக்கத்திலிருக்கும், ரத்தத்தில் கால்சியத்தைச் சமன்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியும் அடிபட்டிருந்தால் உதட்டைச் சுற்றி மரமரப்பு, கை இழுப்பு வரும்), நீண்ட நாள் ஸ்டீராய்டு போடுகிறவர்கள், எலும்பு அடர்த்திக் குறைவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள். இவர்களுக்குக் கால்சியம் சிகிச்சையின் ஒரு பகுதி. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அளவைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது இது: எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று. அந்த ஸ்கேனில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே வந்தால் கால்சியம் மட்டும் போதாது, தனி மருந்து வேண்டும். ரத்தத்தில் கால்சியம் நார்மல் என்ற ரிப்போர்ட்டை வைத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ரத்தத்தில் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்தாவது அதைச் சரிக்கட்டும். ஆனால் அதே ரிப்போர்ட்டில் அளவு அதிகம் என்று வந்தாலோ, மாத்திரை போடும் நாட்களில் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, கடுமையான மலச்சிக்கல், குழப்பமான பேச்சு என்று தெரிந்தாலோ, கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் அன்றே நிறுத்திவிட்டு அட்டைகளோடு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.